குட்டிக் கதிரைகளில் சூனியக்காரிகள்: மொன்றியலில் ஒரு சனியும் ஞாயிறும்

மொன்றியலுக்கு எப்படிப் போவது, எங்கே தங்குவது என்று கேட்டு எனக்கு அடிக்கடி மின்னஞ்சல் வரும். இந்த வலைப்பதிவில் பயணக் கட்டுரைகள் எழுதுவதால் நான் ஏதோ பெரிய ஊர்சுற்றி என்று சிலர் நினைக்கிறார்கள். ரொறன்ரோவில் ஒரு தொழிற்சாலையில் பெட்டி அடுக்குகிறவனுக்குச் சனி ஞாயிறுதான் உலகம். இந்தப் பயணமும் அப்படித்தான், 2006 அக்டோபர் மாதத்தின் கடைசிச் சனியும் ஞாயிறும். ஊர் பார்க்கப் போகவில்லை. என் சிநேகிதர் ஒருவரைச் சூனியக்காரிகளிடமிருந்து மீட்டு வரப் போனேன். முடிவை இப்போதே சொல்லிவிடுகிறேன், மீட்கவில்லை. படம் எதிர்பார்த்து வந்தவர்கள் என் நயாகராப் பதிவுக்குப் போகலாம்.

சிநேகிதரின் பெயர் அன்ரன். நான் அண்ணை என்றுதான் கூப்பிடுவேன். அவர் மன்னார்க் கத்தோலிக்கர், நான் யாழ்ப்பாணத்துச் சைவம், இரண்டு பேரும் படிக்கிற காலத்திலேயே கடவுளைக் கைவிட்டவர்கள். யாழ்ப்பாணத்தில் அந்த நாளில் நாங்கள் ஒரு வேலை செய்து திரிந்தோம். எந்த ஊரிலாவது ஒருவன் சூனியம் வைக்கிறான், காசு வாங்குகிறான் என்று கேள்விப்பட்டால் நேரே அவன் வாசலில் போய் நிற்போம். சூனியத்துக்குத் தலைமயிரும் காலடி மண்ணும் வேண்டுமாம். அதை அவன் களவாக எடுக்க வேண்டியதில்லை, நாங்களே சரையாகச் சுற்றிக் கொண்டுபோய், சனம் பார்க்க அவன் கையில் கொடுப்போம். "இது என்னுடைய மயிர், இது என்னுடைய மண், முடிந்தால் செய்து பார்" என்று நான் சொல்வேன். அண்ணை பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு நிற்பார். ஒன்றும் நடந்ததில்லை. மயிர் கொட்டியது உண்மை, ஆனால் அதற்கு வயதுதான் காரணம்.

கனடா வந்த பிறகும் கடவுள் நம்பிக்கை இல்லாதவர்கள் கொஞ்சப் பேர் சேர்ந்து ஒரு சங்கம் நடத்தினோம். பிள்ளைக்குக் கல்யாணம், வீட்டுக்குக் குடிபூரல் என்று ஒவ்வொருவராக ஐயரிடமும் பாதரிடமும் திரும்பிப் போக, சங்கம் கழுதை தேய்ந்து கட்டெறும்பானது. கடைசியில் ரொறன்ரோவில் நான், மொன்றியலில் அண்ணை. ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் அண்ணை எனக்குப் போன் அடிப்பார். அதுதான் சங்கக் கூட்டம். எனக்குக் குடும்பம் இல்லை. கிழமையில் தவம் என்று என் பெயரை முழு மனதோடு சொல்லிக் கூப்பிடுகிற ஒரே குரல் அதுதான்.

இந்த வருடம் மார்ச்சில் அண்ணையின் மனைவி றெஜினா அக்கா புற்றுநோயில் போய்விட்டார். செபம் இல்லை, பாதர் இல்லை, மெழுகுதிரி இல்லை. அண்ணையின் கொள்கைப்படியே தகனம் நடந்தது. நான்தான் பேசினேன். அவர் இனி எங்கும் இல்லை, எங்கும் போகவும் இல்லை, இருந்த வரைக்கும் நன்றாக இருந்தார் என்றேன். இன்றும் அதில் ஒரு எழுத்தை மாற்றமாட்டேன். கோடை முடிய முதல் போன் நின்றது. நானே அடித்துக் கேட்டபோது, ஞாயிறு பின்னேரங்களில் தான் ஒரு வட்டத்துக்குப் போவதாகச் சொன்னார். என்ன வட்டம் என்று துருவினேன். தங்களைச் சூனியக்காரிகள் என்று தாங்களே சொல்லிக்கொள்கிற ஆட்கள், பருவங்களையும் நிலவையும் ஒரு பெண் தெய்வத்தையும் கும்பிடுகிற புதிய கூட்டம்.

எங்கள் பக்கத்து ஆட்கள் இதைப் பற்றி என்ன நினைக்கிறார்கள் என்று பழைய சங்கத்து ஆட்கள் இரண்டு பேரைக் கேட்டேன். ஒருவர், அது வெள்ளைக்காரரின் பொழுதுபோக்கு, மீன் பிடிக்கப் போவது மாதிரி, விட்டுவிடு என்றார். மற்றவர், ஆளைக் கொல்கிற மதங்கள் இருக்க, மரத்தைக் கட்டிப்பிடிக்கிறவர்களோடு உனக்கென்ன சண்டை என்றார். எனக்கு இரண்டும் சரிவரவில்லை. தமிழில் வைத்தாலும் இங்கிலீசில் வைத்தாலும் சூனியம் சூனியம்தான். வெள்ளிக்கிழமை பின்னேரம் சீப்பிலிருந்து மயிரை எடுத்தேன். வாசல் புல்லில் காலை அழுத்திவிட்டு அந்த மண்ணையும் கிள்ளினேன். இரண்டையும் ஒரு கடித உறையில் போட்டு ஒட்டினேன். பழைய சவாலை அண்ணைக்கு முன்னால் ஒருமுறை விட்டால் அவர் சிரிப்பார், சிரித்தால் திரும்பி வந்துவிடுவார் என்பது என் கணக்கு.

பயண விபரம். ரொறன்ரோவிலிருந்து மொன்றியல் ஏறக்குறைய 540 கிலோமீற்றர். காலை ஏழு மணி பஸ், ஆறரை மணித்தியாலம். கிங்ஸ்ரனில் ஒருமுறை நிற்கும், அங்கே கோப்பி வாங்காதீர்கள், வாயில் வைக்கேலாது. மொன்றியலில் பஸ் நிலையத்துக்குக் கீழேயே மெற்றோ. இரண்டரை டொலர் ரிக்கற் ஒன்றில் கோட்-டெ-நெய்ஜ் வரை போகலாம், ஸ்னோடனில் மாற வேண்டும். பிரெஞ்சு தெரியாவிட்டால் "போன்ஜூர்" என்று சொல்லிவிட்டு இங்கிலீசைத் தொடங்குங்கள். நேரே இங்கிலீசில் தொடங்கினால் முகம் கறுக்கும்.

அண்ணை இருப்பது பெரிய ஆஸ்பத்திரிக்குக் கிட்ட ஒரு அடுக்குமாடி வீட்டில். ஆஸ்பத்திரியில் நோயாளிகளைக் கட்டிலில் வைத்துத் தள்ளுகிற வேலை. மெலிந்திருந்தார். வாசலில் றெஜினா அக்காவின் வீட்டுச் செருப்பு அப்படியே கிடந்தது. அவரே தேத்தண்ணி ஊற்றித் தந்தார். ரொறன்ரோவில் நாங்கள் கூட்டம் வைத்த நாட்களில் அக்கா தன் தேத்தண்ணி வடியையும் கொண்டு மொன்றியலிலிருந்து கூடவே வந்து, நாங்கள் கடவுளைத் திட்டி முடிக்கும் வரைக்கும் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டே இருப்பார். நம்புகிறாரா இல்லையா என்று நாங்கள் ஒருநாளும் கேட்டதில்லை.

ஏதாவது தேவையென்றால் கோயிலுக்கே போயிருக்கலாமே, உங்கள் ஆட்களின் பங்குக் கோயில்தானே அது என்று நான் குத்தலாகத்தான் கேட்டேன். நவம்பர் தொடக்கத்தில் மன்னார் ஆட்கள் கல்லறைத் திருநாள் வைப்பார்கள், செத்தவர்களின் பெயரை வாசிப்பார்கள் என்பது எனக்கும் தெரியும். அவர் கோபிக்கவில்லை.

"பாதர் நல்லவர்தான், தவம். ஆனா நான் போனால், அன்ரன் திரும்பி வந்திட்டான் எண்டு எல்லாரும் சந்தோசப்படுவினம். அந்தச் சந்தோசத்தை என்னால தாங்கேலாது."

இந்த வட்டத்து ஆட்கள் சந்தோசப்படமாட்டார்களா என்றேன். இவர்களுக்கு நான் யாரென்றே தெரியாது, நம்புகிறாயா என்று ஒருவரும் கேட்கவும் இல்லை என்றார். அன்றைக்குத்தான் செத்தவர்களின் நாளாம். வருடத்துக்கு ஒருமுறை, அதற்கு மட்டும் சனியில் கூடுவார்களாம். நானும் வரலாமா என்று கேட்டேன். "ஓம், வா. சும்மா இருப்பியெண்டால் வா" என்றார். கதிரை அடுக்க வேண்டும் என்று முதலே போய்விட்டார். நான் மூலைக்கடையில் மரக்கறி றோல்ஸ் ஒரு தட்டு வாங்கிக்கொண்டு ராக்சி பிடித்தேன். ஆளாளுக்கு ஏதாவது சாப்பாடு கொண்டுவர வேண்டுமாம்.

ராக்சிக்காரர் ஹெயிற்றி நாட்டவர். எங்கே என்று கேட்டார், சூனியக்காரிகளின் கூட்டத்துக்கு என்று சொன்னேன். அவர் சிரித்த சிரிப்பில் வண்டி ஆடியது. தானும் ஒன்றையும் நம்புவதில்லை என்றார், குளிர்காலத்து ரயரை மட்டும் நம்புகிறாராம். பிறகு ஒரு விசயம் சொன்னார். தன் நாட்டில் இதைச் செய்தால் காட்டுமிராண்டித்தனம், உன் நாட்டில் செய்தால் மூடநம்பிக்கை, இங்கே ஒரு நிலவறையில் படித்தவர்கள் செய்தால் அதற்குப் பெயர் ஆன்மீகம். எனக்கு அவரைக் கட்டிப்பிடிக்கவேண்டும் போல இருந்தது. கோட்-டெ-நெய்ஜிலிருந்து கூட்டம் நடக்கிற நோத்ர-டாம்-த-கிரேஸ் கால்மணித்தியாலம்கூட இல்லை, பன்னிரண்டு டொலர் வந்தது. அவரையும் உள்ளே கூட்டிப் போயிருக்கலாம் என்று பிறகு நினைத்தேன்.

அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள். நான் பேயை நம்பாதவன், ஆனாலும் கறுப்பு அங்கி, மண்டையோடு, வெட்டின சேவல் என்று ஏதோ எதிர்பார்த்திருந்தேன் போல. அது ஒரு கட்டடத்தின் நிலவறை. கிழமை நாட்களில் அங்கே பிள்ளைகளைப் பராமரிக்கிற கார்டரி நடக்கிறது. சுவரில் பிள்ளைகள் வெட்டி ஒட்டிய கடதாசிப் பூசணிக்காய்கள். பெரிய கதிரைகள் போதாமல் பாதிப் பேர் பிள்ளைகளின் குட்டிக் கதிரைகளில், முழங்கால் நாடியில் முட்ட இருந்தார்கள். பத்துப் பன்னிரண்டு பேர். தலைமை தாங்கிய லோறேன் என்கிற பெண்ணுக்கு அறுபது வயது இருக்கும், பனிச் சப்பாத்தும் கம்பளிச் சட்டையும். புவாண்ட்-கிளேரில் ஒரு சாமான் கிட்டங்கியில் கணக்கு எழுதுகிறாராம். வட்டத்தைத் துப்புரவாக்க வேண்டும் என்று விளக்குமாறு எடுத்தார். அதுவும் கார்டரியின் பச்சை பிளாஸ்ரிக் விளக்குமாறுதான். எனக்குச் சிரிப்பு முட்டியது. அண்ணையைப் பார்த்தேன். அவர் சிரிக்கவில்லை.

பக்கத்தில் இருந்தவர் பியேர் என்கிற ஓய்வு பெற்ற பிரெஞ்சு ஆசிரியர். எங்கள் சங்கத்து ஆள் போல இருக்கிறதே என்று மெதுவாக, உங்களுக்கு இதில் நம்பிக்கையா என்று கேட்டேன். தான் எந்தக் கடவுளையும் நம்புவதில்லை, தாய் தகப்பன் காலத்துக் கோயிலோடு அதெல்லாம் முடிந்தது, ஆனால் நவம்பரை நம்புவதாகச் சொன்னார். விளங்கவில்லை என்றேன். நவம்பர் வரும், இருட்டும், அதைத் தனிய இருந்து பார்க்கேலாது என்றார். இதற்கு என்ன மறுப்புச் சொல்வது? என் முப்பது வருடத்து விவாதங்களில் நவம்பரை நம்புகிறவனுக்குப் பதில் இல்லை.

ஒரு மேசையில் வெள்ளைத் துணி விரித்திருந்தார்கள். ஆறரை மணியளவில், யன்னலுக்கு வெளியே நன்றாக இருட்டின பிறகு, ஒவ்வொருவராகப் போய்த் தங்கள் செத்தவரின் சாமான் ஒன்றை வைத்துப் பெயரைச் சொல்ல வேண்டும். எல்லோரும் அந்தப் பெயரைத் திருப்பிச் சொல்வார்கள். அவ்வளவுதான். ஆவி வரவில்லை, ஒருவரும் ஆடவில்லை. ஒரு கைக்கடிகாரம் வந்தது, ஒரு லிப்ஸ்ரிக் வந்தது, ஒரு நாயின் கழுத்துப் பட்டிகூட வந்தது, நாயின் பெயரையும் எல்லோரும் மரியாதையாகச் சொன்னார்கள். அண்ணை எழும்பிப் போய்க் காற்சட்டைப் பையிலிருந்து ஒன்றை எடுத்து வைத்தார். தேத்தண்ணி வடி. சாயம் ஏறிக் கறுத்துப்போன, பிடி வளைந்த வடி. எனக்கு உடனே அடையாளம் தெரிந்தது, அதால் வடித்த தேத்தண்ணியை எத்தனை வருடம் குடித்திருப்பேன். அண்ணை "றெஜினா" என்றார். எல்லோரும் "றெஜினா" என்றார்கள். நான் வாயைத் திறக்கவில்லை, மந்திரத்துக்கு நான் பின்பாட்டுப் பாடுவதா என்று பிடிவாதம்.

என்னுடைய முறை. கடித உறையை எடுத்துக்கொண்டு போனேன். மேசையில் இடம் இருந்தது வடிக்குப் பக்கத்தில்தான். வைத்தேன். பஸ்ஸில் வரும்போது இங்கிலீசில் பாடமாக்கி வைத்திருந்த பேச்சைத் தொடங்கினேன். இது தலைமயிர், இது காலடி மண் என்று சொன்னதும் லோறேன் கனிவாக, "யாருடையது?" என்று கேட்டார்.

"என்னுடையது" என்றேன்.

ஊரில் என்றால் இந்த இடத்தில் சூனியக்காரன் கண்ணை உருட்டுவான், சனம் சலசலக்கும், நான் நெஞ்சை நிமிர்த்துவேன். இங்கே அந்தப் பெண் என் முழங்கையைத் தொட்டு, வருத்தம் ஏதாவதா, வைத்தியர்கள் எவ்வளவு காலம் சொல்லியிருக்கிறார்கள் என்று கேட்டார். போன வருடமும் ஒருவர் பெரிய சத்திரசிகிச்சைக்கு முதல் தன் சாமானையே கொண்டுவந்து வைத்தாராம், அதில் வெட்கப்பட ஒன்றும் இல்லையாம். எனக்குப் பாடமாக்கின பேச்சு முழுவதும் மறந்துபோயிற்று. சவால் விடுவதற்கு எதிராளி ஒருவன் வேண்டும், அங்கே ஒருவரும் இல்லை.

"உங்கள் பெயரை இங்கே யார் சொல்ல வேண்டும் என்று விரும்புகிறீர்கள்?" என்று லோறேன் கேட்டார்.

யோசிக்காமலே அண்ணையைப் பார்த்தேன். அந்த மண்டபத்திலே அந்த உறை என்னவென்று தெரிந்தவர் அவர் ஒருவர்தான். அவர் முகம் கறுத்து நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தமிழில், எனக்கு மட்டும் விளங்க, சத்தம் போடாமல் சொன்னார்.

"எடு, தவம். அவளின்ர சாமானுக்குப் பக்கத்தில அதை வையாதை."

என்னால் எடுக்க முடியவில்லை. லோறேன் என் பெயரை என்னிடமே கேட்டு, வாயில் ஒருமுறை சரிபார்த்து, "தாவாம்" என்றார். முன்பின் தெரியாத அத்தனை பேரும் குட்டிக் கதிரைகளில் இருந்தபடி "தாவாம்" என்றார்கள். பியேர் கண்ணை மூடிக்கொண்டு சொன்னார். அண்ணை சொல்லவில்லை.

அதற்குப் பிறகு சாப்பாடு. நான் சாகப்போகிறவன் என்று எல்லோரும் முடிவு கட்டிவிட்டார்கள், பூசணி சூப் இரண்டு தரம் ஊற்றினார்கள், ஒரு பெண் தன் கையுறையைக் கழற்றித் தந்தார். றோல்ஸை உறைக்குது உறைக்குது என்று சொல்லிக்கொண்டே முழுவதும் முடித்தார்கள். அவர்களைத் திருத்தி உண்மையைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. சொல்லியிருந்தால் அங்கே நின்ற ஒரேயொரு ஏமாற்றுக்காரன் நான்தான் என்று ஆகியிருக்கும். வெட்கம் பிடுங்கித் தின்றது. போகும்போது எல்லோரும் தங்கள் சாமான்களை எடுத்துக்கொண்டார்கள், அண்ணை வடியைக் கைலேஞ்சியில் சுற்றிப் பையில் வைத்தார். என் உறை மேசையில் தனியாகக் கிடந்தது.

நடந்தே மெற்றோவுக்கு வந்தோம். வீட்டுக்கு வந்து சப்பாத்தைக் கழற்றும்போது நான்தான் கேட்டேன், அக்காவின் தகனத்தில் நான் பேசினதில் பிழை ஏதும் இருந்ததா, ஏன் இப்படி ஆகிவிட்டீர்கள் என்று.

"நீ சொன்னது சரிதான், தவம். அவள் எங்கையும் இல்லை. அது நீ சொல்ல முதலே எனக்குத் தெரியும். இல்லை இல்லை எண்டு சொல்ல எங்களிட்ட ஆள் இருக்கு. சொல்லி முடிஞ்சு எல்லாரும் போன பிறகு நான் வீட்டை வந்து என்ன செய்யிறதெண்டு சொல்ல ஒருத்தரும் இல்லை. அதுகளிட்ட ஒரு மேசை இருந்தது. அவ்வளவுதான்."

என் பெயரை மட்டும் நீங்கள் ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது. சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்தானாம் ஆண்டி.

"உன்ர சவாலுக்கு நான் இவ்வளவு காலமும் பக்கத்தில நிண்டது காணும்" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. எனக்குப் பாயும் போர்வையும் எடுத்துப் போட்டுவிட்டுத் தன் அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினார்.

ஞாயிறு காலை அவருக்கு ஆஸ்பத்திரியில் வேலை. நான் எழும்ப முதல் போய்விட்டார், மேசையில் பாணும் சம்பலும் மூடி வைத்திருந்தது. விருந்தாளிக்கு வைப்பது மாதிரி ஒரு கோப்பையும் கவிழ்த்து வைத்திருந்தார். வடி அடுப்புக்கு மேலே கொளுவியிருந்தது. அதை எடுக்கத் தயங்கி, தேத்தண்ணி குடிக்காமலே வெளிக்கிட்டேன். பஸ் நிலையத்துக்கு ஓடிப்போய்ப் பார்த்தால் ஒருவரும் இல்லை. சனி நடுச்சாமத்தில் மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் பின்னுக்குத் தள்ளுகிற நாள் அது, நான் என் மணிக்கூட்டைத் தள்ளவில்லை. வருடம் முழுவதும் நேரம் இல்லை நேரம் இல்லை என்று ஓடுகிற எனக்கு ஒரு மணித்தியாலம் சும்மா கிடைத்தது. அதை வைத்து என்ன செய்வதென்று தெரியவில்லை. அங்கே கிடந்த வாங்கில் குந்திக்கொண்டு, அந்தப் பெண் தந்த கையுறையைப் போட்டுப் பார்த்தேன். சின்னது, என் கைக்குப் போதாது.

போக விரும்புகிறவர்களுக்குச் சில விசயங்கள். அக்டோபர் கடைசியில் போனால் மணிக்கூட்டைக் கவனியுங்கள். பஸ் போக வர நூறு டொலருக்குக் கிட்ட வரும், முந்திப் பதிந்தால் குறையும். நிலவறை குளிரும், தடித்த காலுறை தேவை. இந்த மாதிரி வட்டங்களுக்குப் புதியவர்கள் தெரிந்தவரோடுதான் போகலாம், படம் எடுக்க விடமாட்டார்கள். குட்டிக் கதிரையில் இருக்க நேர்ந்தால் முழங்கால் நோவுக்குத் தைலம் கொண்டுபோங்கள். கடவுள் நம்பிக்கை இல்லாதவர்களுக்குத் தனியாக ஒன்று. அங்கே கண்டுபிடித்துப் பகிரங்கப்படுத்த ஒன்றும் இல்லை, சவாலை வீட்டிலேயே விட்டுவிட்டுப் போங்கள். என்னைப் போலவே அங்கும் பாதிப் பேர் நம்பாதவர்கள்தான். அதைத் தெரிந்துகொண்டதில் எனக்கு ஆறுதல் இல்லை. நம்பாமலும் இவ்வளவு செய்ய முடியும் என்றால் இவ்வளவு காலமும் நாங்கள் ஏன் ஒன்றும் செய்யவில்லை என்ற கேள்விதான் மிச்சம். அதை யாரோடு பேசுவது? சங்கத்தில் இப்போது நான் ஒருவன்தான்.

நான் வீடு வந்து மூன்று ஞாயிறு போய்விட்டது. பின்னேரங்களில் போன் அடிக்கவில்லை. நான் அடித்தால் அண்ணை எடுக்கிறார், சுகமாக இருக்கிறேன், நீ எப்படி என்கிறார், பெயர் சொல்வதில்லை. போன கிழமை லோறேன் எப்படியோ என் மின்னஞ்சலைத் தேடிப் பிடித்து உடம்பு எப்படி என்று விசாரித்திருந்தார். மேசையில் விட்டுப்போன சாமான்களை அடுத்த வருடம் வரைக்கும் தானே வைத்திருப்பது வழக்கமாம், உங்கள் உறை ஒரு பிஸ்கட் ரின்னுக்குள் பத்திரமாக இருக்கிறது, யோசிக்க வேண்டாம் என்று எழுதியிருந்தார். ஆக என் தலைமயிரும் காலடி மண்ணும் ஒரு சூனியக்காரியின் அலுமாரியில், புவாண்ட்-கிளேரில் இருக்கின்றன. அதனால் எனக்கு ஒன்றும் ஆகப்போவதில்லை என்று நன்றாகத் தெரியும். ஆனால் ஞாயிறு பின்னேரங்களில் போனுக்குப் பக்கத்தில் இருக்கும்போது அந்த ரின்னைத்தான் நினைக்கிறேன். சூனியம் வைப்பதென்றால்கூட என்னை ஒருவர் நினைக்க வேண்டும்.